தொனியும் பிசினும்

1

கலிஃபோர்னியாவில் ஒருவர் தன் கையால் செய்த கிதார் ஆம்ப்ளிஃபயர் இன்று ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலைபோகிறது. செய்தவர் பெயர் அலெக்ஸாண்டர் டம்பிள். 1944இல் பிறந்து 2022 ஜனவரியில் காலமானவர். ஆயுள் முழுக்க அவர் செய்து முடித்தவை சுமார் 300 இருக்கும் என்பது இவ்விஷயத்தில் ஈடுபாடு உள்ளவர்களின் கணக்கு. பெட்டியைத் திறந்தால் உள்ளே இருப்பவை: ஓர் உலோகத் தட்டு, கனமான இரண்டு மூன்று ட்ரான்ஸ்ஃபார்மர்கள், ஏழு கண்ணாடி வால்வுகள், சில டஜன் ரெஸிஸ்டர்கள், கண்டென்ஸர்கள், இவற்றின்மேல் ஓரிடத்தில் பூசி இறுகிப்போன ஒரு பிசின். அந்தப் பிசினைப் பற்றிப் பிறகு.

கவிதையும் விமர்சனமும் அச்சிடும் பத்திரிகையில் இதற்கென்ன இடம் என்று கேட்கலாம். இடம் இருக்கிறது. இந்தப் பெட்டிகளைச் சுற்றி ஒரு பேச்சு வளர்ந்திருக்கிறது. அந்தப் பேச்சின் மையச் சொல் ‘டோன்’. அது வெதுவெதுப்பானது என்பார்கள். வெண்ணெய் போன்றது, மலர்வது, மூச்சு விடுவது, பாடுவது என்பார்கள். எல்லாம் சொல்லி முடித்த பின், ‘சொல்லிப் புரியாது, கேட்டால்தான் தெரியும்’ என்று கை விரிப்பார்கள். ‘எங்கே கேட்பது?’ என்றால், ‘உலகத்தில் மொத்தமே முன்னூறுதான் இருக்கிறது’ என்று பதில். அதாவது, தரத்தைப் பற்றி ஆரம்பித்த பேச்சு எண்ணிக்கையில் போய் முடிகிறது. நடுவில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நம் வட்டத்துப் பேச்சைக் கவனித்து வருகிறவர்களுக்கு இந்தப் பாதை பழக்கமானதாகத் தோன்றும். கிதார் கேட்காதவர்களுக்காகவும் இதை எழுதுவதற்கு அதுவே காரணம்.

டோன் என்பதற்கு நம்மிடம் தயாராக ஒரு சொல் இருக்கிறது: தொனி. ஒன்பதாம் நூற்றாண்டுக் காஷ்மீரத்தில் ஆனந்தவர்த்தனர் த்வனி என்று சொல்லி ஒரு முழுக் கவிதைக் கொள்கையையே அதன்மேல் எழுப்பினார். சொல்லிய வார்த்தையைத் தாண்டி, கேட்பவனிடத்தில் எழும் அர்த்தம் அது. ஆனால் அவர் ‘சொல்லிப் புரியாது’ என்று எழுந்து போய்விடவில்லை. செய்யுள் செய்யுளாக எடுத்துவைத்து, எந்தச் சொல்லிலிருந்து எந்த அர்த்தம் எப்படிக் கிளம்புகிறது என்று காட்டினார். தொனியைப் பற்றிப் பேசுவதென்றால் அந்த உழைப்பைச் செய்தாக வேண்டும். பெட்டி விஷயத்திலும் அப்படியே.

2

முதலில் சரித்திரம். இந்த ‘டோன்’ யாருடைய சிருஷ்டி?

1951 மார்ச். மெம்ஃபிஸ் நகரில் ஸாம் ஃபிலிப்ஸின் ஒலிப்பதிவுக் கூடம். ‘ராக்கெட் 88’ என்ற பாடலைப் பதிவு செய்ய மிஸிஸிப்பியிலிருந்து ஒரு கோஷ்டி வந்து சேர்கிறது. வழியில் கிதார்காரர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப்ளிஃபயருக்குச் சேதம். ரிப்பேர் செய்ய வழியில்லை. ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து, அதன் கரகரப்போடேயே பதிவு செய்தார்கள். ராக் அண்ட் ரோலின் ஆரம்பத்தைத் தேடுகிறவர்கள் தவறாமல் வந்து நிற்கும் இடங்களில் இந்தப் பதிவு ஒன்று. 1958இல் லிங்க் ரே ஸ்பீக்கர் காகிதத்தில் துளைகள் குத்தினார். 1964இல் லண்டனில் கிங்க்ஸ் கோஷ்டியின் டேவ் டேவீஸ் எல்பிகோ என்ற ஒரு மட்டமான சிறிய ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கரை பிளேடால் கீறினார். காகிதம், துளை, பிளேடு: இன்று லட்ச டாலர் கொடுத்துத் தேடும் ஓசையின் பிறப்பு இப்படி.

அடுத்து பெட்டிகளின் வம்சம். லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிதார் வாசிக்கத் தெரியாது. அவர் கம்பெனியின் ‘பாஸ்மன்’ என்ற ஆம்ப்ளிஃபயர், பெயரே சொல்வதுபோல, பாஸ் கிதாருக்காகச் செய்யப்பட்டது. 1958 முதல் 1960 வரை வந்த அதன் வடிவம், சர்க்யூட் எண் 5எஃப்6-ஏ, பாஸுக்கு உத்தேசித்த அளவு உதவவில்லை. சாதாரணக் கிதார்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பத்து அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு. உள்ளே இருந்த மின்சுற்றின் அடிப்படைப் பாடங்கள், வால்வுக் கம்பெனிகள் பொறியாளர்களுக்காக வெளியிட்ட கையேடுகளில் யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைத்தவை. வால்வுகளும் கிதாருக்காகப் பிறந்தவை அல்ல. தொலைபேசிக்கும் ரேடியோவுக்கும் பிறந்தவை.

லண்டன் ஹான்வெல்லில் டிரம் கற்றுக்கொடுத்து, கடையும் வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். அமெரிக்க இறக்குமதியான ஃபெண்டரின் விலை அங்கே பையன்களுக்கு எட்டாதது. 1962இல் அவரும் அவரோடு இருந்த கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோரும் பாஸ்மன் சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே பார்த்து, இங்கிலாந்தில் கிடைத்த பாகங்களைப் போட்டு, ஜேடிஎம்45 என்ற பெட்டியைச் செய்தார்கள். வால்வு மாறியது, ட்ரான்ஸ்ஃபார்மர் மாறியது, ஸ்பீக்கர் பன்னிரண்டு அங்குலமாயிற்று, ஓசையும் மாறிப்போயிற்று. 1966இல் ஜான் மேயாலின் இசைத்தட்டில் எரிக் கிளாப்டன் ஒரு மார்ஷலை ஒலிப்பதிவுக் கூடத்திலேயே மேடையில் திருப்புவதுபோல் திருப்பி வைத்து வாசித்தபோது, அந்த மாறுதலின் அர்த்தம் எல்லோருக்கும் கேட்டது.

ஆக, பாஸுக்குச் செய்தது கிதாருக்குப் போயிற்று. விலை கட்டாததால் நகல் பிறந்தது. உள்ளூரில் கிடைத்ததைப் போட்டதால் நகல் அசலாயிற்று. உத்தேசித்த அளவுக்கு மேல் திருப்பியதால் பழுது குணமாயிற்று. இந்தச் சங்கிலியில் ‘அபூர்வம்’ என்ற கண்ணி எங்கே? எல்லாமே கடையில் அடுக்கி வைத்து விற்ற சரக்கு. அபூர்வம் என்பது பிறகு, காலம் கடந்து, வாங்குகிறவன் கொண்டுவந்து ஒட்டிய சீட்டு.

3

இனி உள்ளே என்ன நடக்கிறது என்பது. வர்ணனைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவானதுதான்.

காற்று நீக்கிய கண்ணாடிக் குழல். உள்ளே சூடேறும் ஓர் உலோகம் எலக்ட்ரான்களை உமிழ்கிறது. எதிரே சில நூறு வோல்ட்டில் ஒரு தகடு அவற்றை இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வலை. கிதாரிலிருந்து வரும் மிகச் சிறிய மின்னலை இந்த வலையில் ஏறி, பெரிய ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிறது. சின்ன அசைவு பெரிய அசைவாகிறது. அலை வரம்புக்குள் இருக்கும்வரை உருவம் கெடுவதில்லை. வரம்பைத் தாண்டினால் அலையின் உச்சி மழுங்குகிறது. ட்ரான்ஸிஸ்டர் சுற்றுகளில், குறிப்பாகப் பிழை திருத்தும் பின்னூட்டம் நிறைய உள்ளவற்றில், இந்த மழுங்கல் கத்தியால் வெட்டியதுபோல் சட்டென்று நேர்கிறது. கிதார் ஆம்ப்ளிஃபயரின் வால்வில் அது கொஞ்சம் கொஞ்சமாக, தோள் சரிவதுபோல் நேர்கிறது. எங்கே சுத்தம் முடிந்து எங்கே சிதைவு தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாத ஒரு பிரதேசம் அங்கே உண்டாகிறது.

மழுங்கிய அலையில், வாசித்த ஸ்வரத்தோடு வாசிக்காத ஸ்வரங்களும் எழுகின்றன. இரு மடங்கு அதிர்வு மேல் ஸட்ஜம். மூன்று மடங்கு, அதற்கு மேலுள்ள பஞ்சமம். ஐந்து மடங்கு, அந்தர காந்தாரம். இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. தம்பூராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் சொருகுகிறோம். ஜீவாளி என்கிறோம். நூல் இல்லாவிட்டால் தந்தி சுத்தமாகத்தான் ஒலிக்கும். ஆனால் உயிர் இருக்காது. நூல் சரியான இடத்துக்கு வந்தவுடன் தந்தி குதிரையின் முதுகில் உரசி உரசி இரைகிறது. உபஸ்வரங்கள் கிளம்புகின்றன. ஒரு கறாரான பொறியாளன் அதை ‘உரசல், நீக்கப்பட வேண்டிய பழுது’ என்று எழுதி வைப்பான். நாமோ அதற்கு ஜீவன் என்று பெயர் வைத்திருக்கிறோம். வால்வின் சிதைவும் இந்த ஜாதிதான். தம்பூராவின் ஜீவாளிக்கு விலை என்ன? ஒரு முழம் நூல்.

இன்னொன்றும் உண்டு. வால்வையே மின்திருத்தியாகக் கொண்ட பழைய பெட்டிகளில், தந்தியைப் பலமாக அடித்தால் ஒரு கணம் உள் வோல்ட்டேஜ் தாழ்ந்து, பிறகு எழும்புகிறது. ஓசை முதலில் அமுங்கிப் பின் விரிகிறது. மெதுவாக மீட்டினால் தெளிவு, அழுத்தினால் கரகரப்பு, கிதாரின் குமிழைச் சற்றுத் திருப்பினால் மறுபடி தெளிவு. பெட்டி விரலுக்குப் பதில் சொல்கிறது. விரல் அந்தப் பதிலைக் கேட்டுத் தன் அடுத்த அசைவை மாற்றிக்கொள்கிறது. டோன் என்ற பெயரில் உண்மையாகவே ஏதாவது இருக்குமானால் அது இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் இருக்கிறது. தொனி கேட்பவனிடம் பிறக்கிறது என்றால், இங்கே முதல் கேட்பவன் வாசிப்பவனேதான்.

4

இந்த இடத்தில் எதிர்க்கட்சிக்காரர் எழுந்து நிற்பார். அவருக்கு எல்லாம் தெரியும். வால்வு என்பது வெறும் பிரமை, பணக்காரர்களின் மூடநம்பிக்கை, திரைக்குப் பின்னால் இரண்டையும் ஒலிக்கவிட்டால் ஒருவனுக்கும் வித்தியாசம் தெரியாது, 1998இல் வந்த லைன் 6 கம்பெனியின் ‘பாட்’ முதல் இன்றைய கணினி நிரல்கள் வரை எந்தப் பெட்டியின் ஓசையையும் நகலெடுத்தாகிவிட்டது என்பார். நம் வட்டத்திலும் இவருக்குச் சகோதரர்கள் உண்டு. கவிதை என்பது வெறும் சொற்சேர்க்கை, ரஸனை என்பது வர்க்கச் சலுகை என்று இரண்டு வரியில் தீர்த்துவிட்டு டீ குடிக்கப் போகிறவர்கள்.

அவர் சொல்வதில் பாதி சரி. நகல்கள் மிக நன்றாக வந்துவிட்டன. பதிவான இசைத்தட்டில் எது எது என்று சொல்ல நம்மில் ஒருவராலும் முடியாது. ஆனால் அவருடைய சோதனையைக் கவனியுங்கள். ஒருமுறை வாசித்துப் பதிவு செய்த சமிக்ஞையை எடுத்து இரண்டு பெட்டிகளிலும் ஓடவிடுகிறார். அதாவது வாசிப்பவனை அறையை விட்டு வெளியேற்றிவிடுகிறார். விரலுக்கும் பெட்டிக்கும் இடையே நடக்கும் பேச்சுவார்த்தைதான் பரிசோதனைக்கு உரிய பொருள் என்றால், அதை முதலில் கொன்றுவிட்டுப் பிணத்தின் எடையைப் பார்ப்பது என்ன விஞ்ஞானம்? வாசிப்பவனைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து, எந்தப் பெட்டியோடு இருக்கும்போது அவன் என்ன வாசித்தான் என்று கேட்டிருந்தால் அது சோதனை. நல்ல நகல் ஒன்று அந்தச் சோதனையிலும் தேறலாம். தேறட்டும். அப்போது நகலும் நல்ல வாத்தியம் என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் கிடையாது. என் ஆட்சேபம், கேள்வியையே மாற்றிவிட்டுப் பதில் கண்டுபிடித்ததாகக் கொண்டாடுவதன்மேல்.

ஆக இந்த மனிதரும், எதிரே நிற்கும் பெட்டிப் பக்தரும் ஒரே தவற்றைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து செய்கிறார்கள். ஒருவர் டோன் பெட்டிக்குள் இருக்கிறது என்று கும்பிடுகிறார். இன்னொருவர் பெட்டிக்குள் தேடிப் பார்த்தேன், இல்லை என்று கைகொட்டுகிறார். கை ஒன்று இருந்தது என்பது இருவருக்குமே மறந்துபோய்விட்டது.

விரலுக்குப் பதில் சொல்லும் வால்வுப் பெட்டி அபூர்வமான பொருள் என்பதும் பொய். இன்றும் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் ஆலைகள் 12ஏஎக்ஸ்7, 6எல்6, இஎல்34 வகை வால்வுகளைச் செய்துகொண்டுதான் இருக்கின்றன. 2022 மார்ச்சில் ரஷ்ய வால்வுகளின் ஏற்றுமதி தடைப்படும் என்ற செய்தி பரவியபோது விலை ஏறியது, வாங்கிப் பதுக்கினார்கள். பாஸ்மன் சர்க்யூட்டின் வரைபடம் ரகசியம் எதுவும் இல்லை. ஸால்டரிங் இரும்பு பிடிக்கத் தெரிந்தவன், உயர் வோல்ட்டேஜுக்கு உரிய பயத்தோடு, வீட்டிலேயே ஒன்று செய்துவிடலாம். உலகமெங்கும் செய்கிறார்கள்.

5

இப்படியானால் டம்பிள் வெறும் மாயமா? அவசரப்பட வேண்டாம். டம்பிளிடம் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. அவரைக் கும்பிடுகிறவர்கள் அதைத்தான் தவறவிடுகிறார்கள்.

அவர் ஆள் பார்த்துச் செய்தார். வாங்குகிறவர் எப்படி மீட்டுகிறார், தந்தியை எவ்வளவு அழுத்துகிறார், எந்தக் கிதார் வைத்திருக்கிறார் என்று பார்த்துக் கேட்டு, அதற்கேற்பப் பாகங்களின் மதிப்பை மாற்றினார். ராபன் ஃபோர்ட் என்ற கிதார்காரர் சொல்வது இது: தான் ஒரு ஃபெண்டர் பாஸ்மனில் வாசிப்பதைக் கேட்டுத்தான் டம்பிளுக்கு ‘ஓவர்டிரைவ் ஸ்பெஷல்’ என்ற தம் புகழ்பெற்ற பெட்டிக்கான உந்துதல் வந்தது. கவனியுங்கள்: கடைச்சரக்கான ஒரு பெட்டியில், ஒரு கை எழுப்பிய ஓசையைத் துரத்திக்கொண்டு போனதில் பிறந்தது இந்த அபூர்வம். மின்சுற்றின் உடம்பு ஃபெண்டர் வழிவந்தது. தெளிவான ஒலிப்பகுதிக்குப் பின்னால் இன்னும் இரண்டு வால்வுப் படிகளைத் தொடுத்து, அடுக்கடுக்காக மழுங்கவிட்டார். சர்க்யூட்டில் அதுதான் விசேஷம். மீதி விசேஷம் அவர் காதில்.

நமக்குத் தெரிந்த ஒரு சரித்திரம் இதற்கு வெகு அருகில் இருக்கிறது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி, டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக நாதஸ்வரத்தின் நீளத்தையும் துளைகளின் இடத்தையும் மறுபடி மறுபடி மாற்றி, சுத்த மத்யமம் சுத்தமாகப் பேசும் பாரி நாதஸ்வரத்தைக் கொண்டுவந்தார். ஒரு மேதையின் மூச்சுக்கு இன்னொரு மேதையின் உளி பதில் சொன்னது. அதற்குப் பின் நடந்ததுதான் முக்கியம். அந்த மாற்றம் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது. இன்று நாதஸ்வரம் என்றால் பாரிதான். 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அது ஒரு ஊரின் தச்சுக்குக் கிடைத்த பெயர். ஒரு பெட்டகத்தின் பூட்டுக்குக் கிடைத்ததல்ல.

டம்பிள் என்ன செய்தார்? யாரும் பார்த்துச் செய்துவிடக் கூடாதென்று மின்சுற்றின் முக்கியப் பகுதியைப் பிசினால் மூடினார். பிறர் பொறுமையாகச் சுரண்டி எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே இருந்தவை ரெஸிஸ்டரும் கண்டென்ஸரும். வரைபடங்கள் வெளியே வந்தன. அந்த வழியில் செய்யும் கம்பெனிகளும் வந்தன. இருந்தும் அசலின் விலை இறங்கவில்லை. ஏறியது! ரகசியம் வெளிவந்த பின்னும் விலை ஏறுகிறது என்றால், வாங்கியவன் கொடுத்த பணம் ரகசியத்துக்கும் அல்ல, ஓசைக்கும் அல்ல. பிசினுக்குக் கொடுத்தான்.

ஒருவன் கைக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை, ஏலத்தில் இன்னொருவன் வீட்டுக்குப் போகிறது. தையல் அற்புதம்தான். அளவு? டம்பிளின் கலையில் மிக அசலான அம்சம், இந்தக் கைக்கு இந்தப் பெட்டி என்பது. முதல் விற்பனையிலேயே பாதியும் இரண்டாவதில் முழுதுமாக அது அழிந்துவிடுகிறது. விலை உயர உயர அழிவு பூர்த்தியாகிறது. ஏனெனில் அந்த விலைக்கு வாங்கியவன் அதை மேடைக்கு எடுத்துப் போகப் பயப்படுகிறான். வாத்தியம் சொத்தாகிறது. ஸ்டீவி ரே வானின் முதல் இசைத்தட்டு, 1983இல் வந்தது, ஜாக்ஸன் பிரௌனின் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்த ஒரு டம்பிளின் வழியே பதிவானது. இரவல் பெட்டி, பாஸுக்கென்று செய்யப்பட்டது. அவருடைய கைக்கு எவரும் அளவெடுத்துத் தைக்கவில்லை. அந்தக் கை அதற்காகக் காத்திருக்கவும் இல்லை.

டம்பிளுக்கு எதிரே இன்னொரு மனிதரை நிறுத்துகிறேன். கென் ஃபிஷர். நியூ ஜெர்ஸிக்காரர். 1960களில் ஆம்பெக் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1980களில் ட்ரெயின்ரெக் என்ற பெயரில் தனியாகச் செய்ய ஆரம்பித்தார். தீராத களைப்பு நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது, 2006இல் காலமானார். அவர் பெட்டிகள் டம்பிளுடையவற்றைவிடக் குறைவு, சுமார் நூறு என்கிறார்கள். வரிசை எண் போடாமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெண்ணின் பெயர் வைத்தார். இன்று அவற்றுக்கும் ஏல விலை உண்டு. ஆனால் ஃபிஷர் பத்திரிகைகளில் எழுதினார். எந்த ஒயரை எங்கே நகர்த்தினால் என்ன கேட்கும், பழைய பெட்டியை எப்படிக் கொல்லாமல் சீராக்குவது, எந்தப் பாகத்தைத் தேவையில்லாமல் மாற்றிக் கெடுக்கிறார்கள் என்று, படித்தவன் போய்த் தன் கையால் செய்து பார்க்கும்படி எழுதினார். அவர் பெட்டிகள் குறைவாக இருப்பதற்குக் காரணம் அவர் காதின் கறார், பிறகு அவர் உடம்பு. அந்தக் குறைவை அவர் சரக்காக்கவில்லை.

6

இப்போது நம் விஷயம்.

நம் பத்திரிகைகள் முன்னூறு அச்சாகின்றன, சில இன்னும் குறைவு. டம்பிளின் கணக்கும் முன்னூறு என்பது தற்செயல்தான். ஆனால் அந்த எண்ணைச் சொல்லும்போது நம் குரலில் ஏறும் பெருமை தற்செயல் அல்ல. முன்னூறு என்பது காகித விலை, சந்தா கட்ட மறக்கும் நண்பர்கள், விற்கத் தெரியாத நாம், படிக்க விரும்பாத ஊர் எல்லாம் சேர்ந்து நம்மேல் சுமத்திய நிலைமை. நிலைமையைச் சகித்துக்கொள்ளலாம், எதிர்க்கலாம், அதற்குள்ளிருந்து நல்ல காரியம் செய்யலாம். அதைக் குணம் என்று நெற்றியில் இட்டுக்கொள்வது மோசடி. 1959இல் ‘எழுத்து’ வந்தபோது அது சிறிதாக இருந்ததால் முக்கியமாகவில்லை. அதில் கவிதையை வரிவரியாகப் பார்த்தார்கள், அதனால் முக்கியமாயிற்று. இன்று அதன் பழைய இதழ் ஒன்றை அலமாரியில் வைத்திருப்பதைச் சொல்லிக்கொள்கிறவர்கள், அதில் வந்த ஒரு கட்டுரையோடாவது சண்டை போட்டிருக்கிறார்களா என்று கேட்டால் பதில் வராது. பெட்டியை வாங்கினார்கள். வாசிக்கவில்லை.

இதைவிட மோசமானது பிசின். நம் விமர்சனத்தில் அது தாராளமாகப் பூசப்படுகிறது. ‘ஆழ்ந்த தளம்’, ‘உள்ளொளி’, ‘மௌனத்தின் அதிர்வு’, ‘பிரபஞ்ச கானம்’. ஒரு கவிதையின் மீது இந்த நாலு சொற்களைப் பூசிவிட்டால் அடியில் என்ன இணைப்பு இருக்கிறது, எந்தச் சொல் எந்தச் சொல்லைத் தூண்டுகிறது, எங்கே வாக்கியம் மழுங்கி அங்கே என்ன உபஸ்வரம் எழுகிறது என்று யாரும் பார்க்க முடியாது. பார்க்கக் கூடாது என்பதுதான் நோக்கம் என்று நான் சந்தேகிக்கிறேன். சுரண்டிப் பார்த்தால் பல சமயம் உள்ளே சாதாரண ரெஸிஸ்டர். அது குற்றமில்லை. டம்பிளிடமும் ஃபிஷரிடமும் இருந்ததும் சாதாரண ரெஸிஸ்டர்தான். மதிப்பைத் தேர்ந்த காது எது, வைத்த இடம் எது என்று சொல்வதுதான் விமர்சகன் வேலை. அந்த வேலையைச் செய்யாதவன் பூசுகிறான்.

நான் வங்கியில் நகைக்கடன் மேஜைக்கு அருகில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறவன். எங்கள் மதிப்பீட்டாளர் நகையை உரைகல்லில் தேய்க்கிறார், எடை போடுகிறார், கல் எடையைக் கழிக்கிறார். செய்கூலி, சேதாரம் கணக்கில் சேராது. ஊரிலேயே இப்படி ஒன்றுதான் என்று வாடிக்கையாளர் சொன்னால் தலையாட்டிக்கொண்டே மாற்றைக் குறித்துக்கொள்வார். வங்கிக்கு அதுதான் நியாயம். கலையில் கணக்கு தலைகீழ்: செம்பும் கண்ணாடியும் மலிவு, மொழியில் உள்ள சொற்களோ எல்லோருக்கும் இலவசம், செய்கூலிதான் எல்லாம். ஆனால் ஏலக்காரன் தங்கத்தையும் கணக்கிடுவதில்லை, செய்கூலியையும் கணக்கிடுவதில்லை. இதுபோல் இன்னும் எத்தனை இருக்கிறது என்று மட்டும் கேட்கிறான். நம் விமர்சகர்களில் ஒரு பகுதியினர் இந்த மூன்றாமவன் பக்கத்தில் போய் நிற்கிறார்கள். உரைகல்லைக் கையில் எடுக்கச் சொன்னால் அது கலைக்கு அவமானம் என்கிறார்கள்.

‘அப்படியானால் பெருவாரியாக விற்பதெல்லாம் நல்லதா?’ என்று கேட்கப்போகும் நண்பருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 1965இல் ஸிபிஎஸ் நிறுவனம் ஃபெண்டரை ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு வாங்கியது. அதன் பிறகு அந்தக் கம்பெனியின் தரம் இறங்கிற்று என்று வாசிப்பவர்கள் வெகுகாலம் குறைப்பட்டுக்கொண்டார்கள். கணக்குப்பிள்ளை காதின் இடத்தில் உட்கார்ந்தால் எந்தத் தொழிலுக்கும் அதுதான் கதி. 1965க்கு முன்னும் அது ஆலைதான், வரிசையாகச் செய்து தள்ளியதுதான். ஆனால் வாசிப்பவர்களைக் கேட்டு மாற்றினார்கள். ஆலைக்கும் குடிசைக்கும் நடுவில் நான் கோடு கிழிக்கவில்லை. கேட்கிற காதுக்கும் கேளாத காதுக்கும் நடுவில் கிழிக்கிறேன். ஏலக்காரனின் காது இந்த விஷயத்தில் கணக்குப்பிள்ளையின் காதைவிட ஒரு துளியும் நுட்பமானது அல்ல.

பெரும் பத்திரிகைகளின் கூச்சலுக்கு எதிராக நாம் சிறிய இதழ்களைத் தொடங்கினோம் என்கிறோம். நல்லது. லட்சம் பிரதி விற்றதால் உயர்ந்தது என்பவனுக்கும் முன்னூறு மட்டும் இருப்பதால் உயர்ந்தது என்பவனுக்கும் கையில் இருப்பது ஒரே அளவுகோல்; பிடிக்கும் முனைதான் வேறு. அந்தக் கோலை முறித்துப் போடாதவரை நமக்கும் அவர்களுக்கும் தகராறு என்பதே கிடையாது. சந்தை வேறு, அவ்வளவுதான்.

ஆகவே அடுத்த இதழில் ஒரு கவிதையைப் பற்றி எழுத உட்காருபவரிடம் எனக்கு ஒரே ஒரு நிபந்தனை உண்டு. ‘அபூர்வமானது’ என்ற சொல்லைப் போடாமல் எழுதட்டும். எந்த வரி, எந்தச் சொல், அந்தச் சொல்லுக்குப் பதில் பக்கத்துச் சொல்லைப் போட்டால் என்ன கெடுகிறது என்று எழுதட்டும். ஃபிஷர் ஒயரைப் பற்றி எழுதியதுபோல, படித்தவன் தானும் போய்ச் செய்து பார்க்க முடிகிற மாதிரி எழுதட்டும். அப்படி எழுதிய பின்னும் அந்தக் கவிதையில் சொல்லி முடியாத ஒன்று மிஞ்சி நின்றால், அதற்குத் தொனி என்று பேர் வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வைப்பதெல்லாம் பிசின்.